முகம் தேய்க்க ஒரு மாவு

எழுபத்து நாலு வயதில் இந்தக் கிழவி முகத்துக்கு மாவு பூசுவதைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். பழைய பாண்டிச்சேரிக் கதைகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அவை எங்கும் ஓடிப்போகாது. இந்த வாரம் முகம்தான். என் பேத்தியின் முகம். கொஞ்சம் என்னுடையதும், அது பின்னால் வரும்.

மகன் வயிற்றுப் பேத்தி. திண்டிவனத்தில் பி.காம். முடித்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறாள். காலை ஆறு மணிக்கெல்லாம் எங்கள் குத்தகை உப்பளத்துக்குப் போய், எத்தனை மூட்டை கட்டினார்கள், எந்த லாரியில் எவ்வளவு ஏறியது என்று நோட்டில் எழுதிவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்புவாள். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சரிசெய்ய ஆரம்பித்தால் ஐப்பசி மழை வரும்வரை வேலை. சித்திரை, வைகாசியில் பாத்தி ஓரம் நின்றால் மேலேயிருந்து ஒரு வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டு எகிறி வரும் வெயில் இன்னொன்று. அதனால்தான் உப்பு சுமக்கிற பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, கண் மட்டும் தெரிகிற மாதிரி துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். பேத்திக்குத் துண்டு கட்ட வெட்கம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு போவாள். அது பாதி நேரம் காற்றில் பறந்துகொண்டிருக்கும்.

போன வைகாசியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வருவதற்குப் பத்து நாள் இருக்கும். அவள் உப்பளத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நான் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "இன்னும் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் போவாதடி, கருத்துப் போயிட்ட பாரு" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் எந்தப் பாட்டியும் சொல்லுகிற வார்த்தைதான். அவளும் "சரி ஆயா" என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்துக் காலையில் அவள் காபி கொண்டுவந்து கொடுத்தபோது பார்க்கிறேன், இரண்டு கன்னமும் செக்கச் செவேல் என்று தோல் உரிந்த மாதிரி இருக்கிறது. என்னடி இது என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். மருமகள்தான் பிடித்துக் கேட்டாள். போனில் யாரோ சொன்னார்களாம்: கல்லுப்பைப் பொடித்து எலுமிச்சம்பழச் சாறு விட்டு, கொஞ்சம் தேன் கலந்து தேய்த்தால் செத்த தோல் எல்லாம் போய் முகம் பளிச்சென்று ஆகிவிடும். மூன்று நாளாகக் காலையில் தேய்த்துக் கழுவிவிட்டு அப்படியே வெயிலில் போயிருக்கிறாள். "நம்ம உப்புதானே ஆயா, நல்லதுதானேன்னு நினைச்சேன்" என்றாள்.

நம்ம உப்புதான். ஆனால் அது என்ன என்று உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கே தெரியவில்லையே. உப்புத் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறிச் சுண்டிக்கொண்டே வந்து, போமே மானியில் இருபத்தைந்து டிகிரி காட்டும்போது உப்பு விளைய ஆரம்பிக்கும். (கடல் தண்ணீர் அதே மானியில் மூன்று, மூன்றரைதான் காட்டும்.) அப்படி விளைகிற ஒவ்வொரு பரலும் ஒரு சின்னப் பெட்டி. எட்டு மூலை, எட்டும் கூர். அம்மியில் பொடித்தால் மூலை போய்விடாது, பெரிய பெட்டி உடைந்து நூறு சின்னப் பெட்டியாகும். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கியது. அதற்குப் பதில் கன்னத்து எலும்பின் மேல் இரண்டு பக்கமும் காபிக் கறை மாதிரி திட்டு விழுந்தது. அந்தத் திட்டை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். 1972-ல்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பாண்டிச்சேரியில் மசேர்கள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்து முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை, வரன்தான் பார்த்தார்கள். நான் கருப்பு. அதை அம்மா ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெரியம்மா ஒரு யோசனை சொல்ல, அம்மா கல்லுப்பும் எலுமிச்சை மூடியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். எரியுதும்மா என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். நாலு நாள் பொறுத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கன்னம் இரண்டும் திட்டுத் திட்டாக இருந்தது. மேலே பவுடரை அப்பினார்கள். கருப்புத் தோலில் வெள்ளைப் பவுடர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்றார்கள். கடுதாசி வரவில்லை. அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசவேயில்லை, நானும் பேசவில்லை. திட்டு மறைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடது பக்கத்தில் காசளவுக்கு லேசாக இப்போதும் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வருஷமாக அதை மங்கு என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் அதுதான் தெரியும்.

அடுத்த வருஷம் மரக்காணத்திலிருந்து ஒருவர் வந்தார். உப்பளக் குத்தகைக் குடும்பம். காபி கொடுக்கும்போது மெதுவாக, "முகத்துல என்னா, உப்பா?" என்று கேட்டார். அவர்கள் பாத்தியில் வேலை செய்கிறவர்களின் கை காலில் உப்புக் கடித்த தழும்பு இப்படித்தான் இருக்குமாம். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

நடுவில் நான் எங்கே விட்டேன்? ஆம், பேத்தி. அவளை உட்கார வைத்து இந்தக் கிணற்றடிக் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். மருமகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப உனக்குத் தெரியும்தானே ஆயா. தெரிஞ்சும் என்னைக் கருத்துப் போயிட்டன்னு சொன்னியே" என்றாள் பேத்தி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை.

திண்டிவனத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயதுப் பெண், பொறுமையாகச் சொன்னாள். நம் மாதிரி மாநிறத்துக்கும் கருப்புக்கும் ஒரு குணம் உண்டாம். காயம் பட்டால், சூடு பட்டால், அழுத்தித் தேய்த்தால்கூடத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தில் கருநிறத்தைக் கூடுதலாகச் சுரக்கும். புண் ஒரு வாரத்தில் ஆறிவிடும், நிறம் மாதக்கணக்கில் நிற்கும். வெளுக்க வேண்டும் என்று தேய்த்தால் கருக்கத்தான் செய்யும். எலுமிச்சை இன்னும் மோசம். அதன் தோலிலும் சாற்றிலும் இருக்கிற ஒரு சத்து முகத்தில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகுமாம். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவது என்பது எண்ணெயைத் தடவிக்கொண்டு அடுப்பில் கை வைப்பதுபோலத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். முகத்தில் செத்த தோல் என்று நாம் தேய்த்து எடுக்கப் பார்க்கிற மேலடுக்கு, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான். சாதாரண எழுதுகிற காகிதமே பத்து பங்கு கனம் இருக்கும். அந்த அடுக்கும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே ஈரம் போகாமல் காக்கிற வேலி அதுதான். வயசுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நாலு வாரத்தில் அது தானே உதிர்ந்து புதிதாகும். நம் வயதுக்காரர்களுக்கு அதைவிட நாளாகும்.

காகிதம் என்றதும் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. 1973-ல் நான் எத்தா சிவில் பிரிவில் சேர்ந்தேன். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்துப் பிறப்பு, இறப்பு நகல் எழுதிக் கொடுக்கிற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நகலில் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்து ரப்பர் ஒன்று கைப்பையில் இருந்தது, ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி நீலம். நீலப் பக்கம் மணல் கலந்தது, மைக்கு. அதை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டுச் சரியான எழுத்தை எழுதினால், மை ஊறிப் பூச்சி மாதிரி கால் கையை நீட்டுகிறது. தலைமை எழுத்தர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தேய்த்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. இங்கே அழிப்பது என்கிற பழக்கமே கிடையாது. ஒற்றைக் கோடு போட்டு ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ரப்பருக்கு பிரெஞ்சில் கொம் என்று பெயர். முகத்தைத் தேய்த்துச் செத்த தோலை எடுப்பதற்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? கொம்மாஜ். ரப்பர் போட்டு அழிக்கிறது.

டாக்டர் ஆறு வாரத்துக்கு ஒன்றுமே தேய்க்கக் கூடாது என்றாள். மெல்லிய சோப்பு, சாதாரணமாக ஈரம் காக்கிற ஒரு கிரீம், பகலில் வெயிலுக்கு ஒரு கிரீம், வெளியே போனால் முகத்தில் துண்டு. அதற்கப்புறம் என்ன போடட்டும் என்று பேத்தி கேட்டதற்கு, "எதுவும் போடாம இருந்தாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது. போட்டே ஆகணும்னா ரொம்ப மெல்லிசா ஏதாவது, வாரம் ஒரு தடவை" என்றாள். நியாயமான பதில்தான். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளையிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் மறுபடியும் போனைத்தான் திறக்கும். ஆகவே அந்த மெல்லிசு எது என்று கண்டுபிடிக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மாதம் நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது பேத்தியின் நிபந்தனை. அவள் கணக்குப்பிள்ளையாயிற்றே.

முதலில் வீட்டில் இருந்ததையே பார்த்தோம். பிரான்சில் இருக்கிற என் அக்காள் மகன் 2014-ல் வந்தபோது கொடுத்த டியூப் ஒன்று பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. மென்மையான கொம்மாஜ் என்று போட்டிருந்தது. அட்டையின் பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன் (மசேர்கள் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு கடைசியில் இதற்குத்தான் உதவியது). வாரம் ஒரு தடவை, கண்ணைச் சுற்றித் தவிர்க்கவும், எல்லாம் சரி. சேர்மானத்தில் பொலியெத்திலேன் என்று ஒரு வார்த்தை. பிளாஸ்டிக். டியூபுக்கு இல்லை, உள்ளே இருக்கிற களிம்புக்கு. குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் உருண்டைகள். பாரபட்சம் இல்லாமல் சொன்னால், உருண்டையாக இருப்பதால் முகத்துக்கு அது உப்பைவிடச் சாதுதான். கழுவிய பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சாக்கடை, கால்வாய், கடல். அமெரிக்காவில் இதைத் தடுக்க 2015-ல் சட்டம் போட்டார்கள், பிரான்சில் 2018 ஜனவரியிலிருந்து விற்கக் கூடாது. நம் நாட்டிலும் தர நிர்ணய அமைவனம் 2017-ல் இதை முகப் பொருள்களில் சேர்க்கத் தகாதது என்று வகைப்படுத்தியது. 2018-ல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் நம் நாட்டுக் கடலுப்பைச் சோதித்து அதில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அது முகக் களிம்பிலிருந்து மட்டும் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, பை, வலை, துணி எல்லாம் சேர்ந்ததுதான். இருந்தாலும் உப்பு விற்றுச் சாப்பிடுகிற வீட்டில் அதைப் பிதுக்க மனசு வரவில்லை. அந்த டியூப் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எங்கே போடுவது என்று தெரியவில்லை.

கடையில் கிடைக்கிறவற்றில் பழ ஓடு அரைத்துப் போட்டவை உண்டு, வாதுமை ஓடு, வாதாங்கொட்டை ஓடு என்று. ஓடு ஓடுதான், எவ்வளவு அரைத்தாலும் சில்லு. காபித் தூள், சர்க்கரை என்றும் சொல்கிறார்கள். சர்க்கரை கரைந்துவிடும், ஆனால் கரைவதற்கு முன்னால் அதுவும் உப்பின் தம்பிதான். தேய்க்கவே வேண்டாத அமில வகைகளும் வந்திருக்கின்றன. தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமே அதில் ஒன்று, புட்டியில் கொஞ்சம் வலுவாக வரும். டாக்டர் கண்காணிப்பில் நன்றாக வேலை செய்யுமாம். ஆனால் அது போட்ட முகத்துக்கு வெயில் ஆகாது, விலையும் நூறு ரூபாய்க்குள் இல்லை. உப்பளத்தில் நிற்கிற பெண்ணுக்கு அது வேண்டாம் என்று தள்ளிவிட்டோம்.

பிறகு நம் நலங்கு மாவு. மருமகள் ஊரிலிருந்து அவள் அம்மா அரைத்துக் கொடுத்தது ஒரு டப்பா இருந்தது. நாட்டு மருந்து என்றாலே நல்லது என்று நானும் நம்புகிற ஆள்தான். ஆனால் சேர்மானத்தை ஒவ்வொன்றாக எழுதி வாங்கிப் பார்த்தேன்: பயத்தம்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், கார்போக அரிசி. இதில் இரண்டு இடறியது. வெட்டிவேர் வாசனைக்கு நல்லது, ஆனால் மிஷினில் எத்தனை முறை விட்டாலும் நார் நாராக நிற்கும், முகத்தில் கீறும். கார்போக அரிசி தோல் வியாதிக்கு சித்த மருந்தில் பேர் போனது. அதில் சோரலென் என்கிற சத்து இருக்கிறது. வெண்குஷ்டத்துக்கு அதைக் கொடுத்து அளவாக வெயில் காட்டுவார்கள், ஏனென்றால் தோலை வெயிலுக்கு இளக்கிவிடும். குளித்துவிட்டு நிழலில் இருக்கிற குழந்தைக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். இவளுக்கு எலுமிச்சை செய்ததையே இதுவும் செய்யும். சம்பந்தியம்மா வருத்தப்படக் கூடாது என்பதால் அந்த டப்பாவை உடம்புக்கு என்று மாற்றிவிட்டோம். (அவர்களும் இதைப் படிப்பார்கள். அண்ணி, வாசனை பிரமாதம்.)

கடைசியில் வெறும் பயறுக்கே வந்தோம். அரிசி மாவு நறநறவென்று இருக்கும், கடலை மாவு முகத்தை இழுத்துப் பிடிக்கும். பயறு இரண்டுக்கும் நடுவில். ஆனால் அரைத்தால் போதாது, சலிக்க வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. கால் கிலோ பச்சைப் பயறைக் கழுவி நிழலில் இரண்டு நாள் காய வைத்தோம். ஒரு பிடி ஓட்ஸும் சேர்த்தோம், அது அரிப்பை அடக்கும் என்று டாக்டர் சொன்னது. இரண்டையும் மிக்சியில் அரைத்து முதலில் சல்லடையில், அப்புறம் மெல்லிய வேட்டித் துணியில் வேடு கட்டிச் சலித்தோம். கால் கிலோவில் பாதிக்கு மேல் கப்பியாக நின்றுவிட்டது. அது பேத்தியின் குதிகாலுக்கு. கீழே விழுந்தது விபூதி மாதிரி இருந்தது. ஒரு சிட்டிகையை முன்பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். பல்லுக்கு நறுக்கென்று தெரிந்தால் கன்னத்துக்கும் தெரியும். தெரியவில்லை. செலவு எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய் சொச்சம். கடற்கரை ஊரில் ஈரக்காற்றுக்கு வண்டு வைத்துவிடும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைப்பதில்லை.

போடுகிற விதத்திலும் ஒரு தப்பு நாம் எல்லோரும் செய்வோம். குழைத்துப் பூசி, காய்ந்து இறுகும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு வறட்டி மாதிரி சுரண்டுவோம். அது கூடாது. முகத்தை முதலில் நனைத்துக்கொண்டு, மாவைத் தண்ணீரோ பாலோ விட்டு மோர் பதத்தில் கரைத்து, விரல் நுனியால் வட்டமாக அரை நிமிஷம். அழுத்தவே கூடாது. ஈரம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கண்ணைச் சுற்றியும் பரு மேலும் கை போகக் கூடாது. சாயங்காலம் செய்வது நல்லது, வெயிலுக்கு முன்னால் வேண்டாம். பருவுக்கு டாக்டர் கொடுத்த களிம்பு போடுகிறவர்கள் அவர்களைக் கேட்காமல் எதையும் தேய்க்கக் கூடாது.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நமக்கு எண்ணெய்ப் பசை வற்றிவிட்டது, தோலும் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. மாவுகூட அதிகம், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போதும். முகத்தில் சொரசொரப்பாக ஒரு புள்ளியோ, பொருக்கு விழுந்து விழுந்து ஆறாத புண்ணோ இருந்தால் அதைத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றை மாமனார் வருஷக்கணக்கில் கிள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் கத்தி வைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மாவையும்விட மெல்லிசான ஒன்று உண்டு, அது எனக்கு நடு ராத்திரியில்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளியில் தங்கிப் படித்த பெண்கள் கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலில் கான் த துவாலெத் என்று ஒன்று இருக்கும். கையுறை மாதிரி, ஆனால் விரல் கிடையாது, ஒரு துணிப் பை. பிரெஞ்சுக்காரர்கள் கையை அதற்குள் விட்டுத்தான் முகம் கழுவுவார்கள். காலையில் எழுந்ததும் அவருடைய பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்தேன். இருபது வருஷம் துவைத்துத் துவைத்து வாழைக் குருத்து மாதிரி ஆன துணி. நாலு வருஷமாக அதைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டு வெட்டிக் கையால் தைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து முகத்தில் ஒற்றி ஒற்றித் துடைத்தால் அதுவே போதும், மாவு இல்லாத வாரத்தில். செலவு நூல்தான்.

உப்பு வாரும்போது அவர் ஆட்களிடம் அடிக்கடி கத்துவது எனக்குக் கேட்கும். பலகையை அழுத்தாதே, மேலாக வாரு, அழுத்தினால் களிமண் கலந்து உப்பு கருக்கும் என்று. கேட்டுக்கொண்டே இத்தனை வருஷம் இருந்தேன்.

வரன் வீட்டார் சொன்னபடி வந்தார்கள். மருமகள் பவுடர் டப்பாவோடு நின்றாள். பேத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திட்டோடு போய் உட்கார்ந்தாள். பையனின் அம்மா கன்னத்தைப் பார்த்து என்னம்மா என்று கேட்க, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன் அத்தை, வெந்துபோச்சு என்றாள். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுதக் கூடாது என்று மருமகள் உத்தரவு. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவு சொல்லலாம்.

திட்டு இப்போது பாதிக்கு மேல் மங்கிவிட்டது. மீதி தை மாதத்துக்குள் போகும் என்று டாக்டர் சொல்கிறாள். பேத்தி துண்டு கட்டிக்கொண்டுதான் உப்பளத்துக்குப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை அங்கே வேலை செய்கிற பெண்களில் இரண்டு பேர் அந்தத் துணிப் பை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்களாம். அதற்குப் பெயர் என்ன ஆயா என்று கேட்டாள். சொன்னேன். அவர்கள் வாயில் அது நுழையவில்லை, கான் பை என்று வைத்துவிட்டார்கள். வேட்டியில் இன்னும் முக்கால் பாகம் இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கத்தான் கண் தெரியவில்லை, பேத்தி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.